கவனம் என்று தொடங்கிய வரி

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன். பதில் அவ்வளவு நீளம். சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பெரும்பாலும் வேறு யாருடனாவது பேசிக்கொண்டிருப்பார். நான் கணினி நிரல் எழுதுகிறவன் இல்லை. நிரல் எழுதுகிறவர்கள் படிக்கும் கையேட்டைத் திருத்துகிறவன். ஒரு நிரல்மொழியை இறக்கிக்கொண்டால் அதோடு நூற்றுக்கணக்கான ஆயத்தக் கருவிகளும் சேர்ந்தே வரும், தையல் மெஷின் வாங்கினால் ஊசியும் பாபினும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுப்பதுபோல. தேதியைக் கணக்குப் போட ஒன்று, பட்டியலை வரிசைப்படுத்த ஒன்று, கோப்பைத் திறக்க ஒன்று. அந்த டப்பாவுக்கு ஸ்டாண்டர்ட் லைப்ரரி என்று பெயர். ஒவ்வொரு கருவிக்கும், எதைக் கொடுத்தால் எது கிடைக்கும் என்று விளக்கும் பக்கம் ஒன்று இணையத்தில் இருக்கும். அந்தப் பக்கங்களில் தப்பு இருந்தால் திருத்துவதும், புரியாததைப் புரியும்படி எழுதுவதும்தான் பதினோரு வருடமாக என் பிழைப்பு. என் மாமியார் அக்கம்பக்கத்தில் மாப்பிள்ளை லைப்ரரியில் இருக்கிறார் என்றே சொல்லிவைத்திருக்கிறார். நானும் மறுத்ததில்லை, மறுத்தால் விளக்க வேண்டியிருக்கும்.

வேலை செய்யும் இடம் வீட்டின் பின்னறை. ஒரு மேஜை, இரண்டு திரை, கைக்கெட்டும் தூரத்தில் வாஷிங் மெஷின். மெஷின் துணி பிழியத் தொடங்கினால் மேஜையும் கூடவே ஆடும். அந்த ஆட்டத்திலும் நான் ஒரு கமாவைக்கூட இடம் மாற்றிப் போட்டதில்லை என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டதுண்டு. அவள் மருந்துக்கடையில் மருந்தாளுநர். "ரொம்ப சந்தோஷம். அந்தத் துணிய எடுத்துக் காயப்போட்டுட்டு அடுத்த கமாவப் போடுங்க" என்பாள்.

திருத்துகிறவர்களில் சேர்க்கிறவர்கள் உண்டு, வெட்டுகிறவர்கள் உண்டு. நான் வெட்டுகிறவன். நீளமான வாக்கியத்தைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். ஒரு பக்கத்தில் நாற்பது சொல் குறைத்துவிட்டேன் என்றால் அன்றைக்கு முழுக்கத் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன். எதிரே வருகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும் என்றுகூட உள்ளூர ஆசைப்பட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. யார் எந்த வரியை மாற்றினாலும் இன்னொருவர் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். எனக்குச் சம்மதம் சொல்கிறவர் வேறு நாட்டில் இருக்கிறார், முகம் பார்த்ததில்லை. நான் மூன்று பத்தி எழுதிக் கேட்டாலும் ஒரே சொல்லில் பதில் எழுதி முற்றுப்புள்ளி வைப்பார். அதனால் அவருக்கு நான் வைத்த பெயரே முற்றுப்புள்ளி. அதோடு, யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எதை வெட்டினார், எதைச் சேர்த்தார், ஏன் என்று ஒரு பதிவேடு தன்னாலேயே எழுதப்பட்டுவிடும். அதைச் சத்தமில்லாமல் அழிக்க வழியே இல்லை. ஒரு வரிக்கு யார் பொறுப்பு என்று அந்தப் பதிவேட்டைக் கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. அந்தக் கட்டளைக்குப் 'பழி' என்று பொருள்படும் சொல்லையே பெயராக வைத்திருக்கிறார்கள். வைத்தவர் எங்களை நன்றாகத் தெரிந்தவர்.

போன ஆகஸ்டில் வெட்டிக்கொண்டே தேதிப் பக்கங்களுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே மாதம் கூட்டும் கருவி என்று ஒன்று. ஒரு தேதியைக் கொடுத்து ஒரு மாதம் கூட்டச் சொன்னால் அடுத்த மாதத் தேதியைத் தரும். மார்ச் ஐந்தைக் கொடுத்தால் ஏப்ரல் ஐந்து, அவ்வளவுதான். முதல் வரி ஒழுங்காக இருந்தது. இரண்டாவது வரி, எனக்கு வெகு காலம் முன்னால் யாரோ எழுதியது: "கவனம்: அடுத்த மாதத்தில் அந்தத் தேதி இல்லாவிட்டால் அந்த மாதத்தின் கடைசி நாள் கிடைக்கும், அப்படிக் கிடைத்த விடையோடு மறுபடி ஒரு மாதத்தைக் கூட்டினால் பழைய தேதி திரும்பி வராது, ஆகவே எப்போதும் தொடக்கத் தேதியிலிருந்தே கூட்டவும்."

படித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. பிப்ரவரியில் முப்பத்தொன்றாம் தேதி கிடையாது என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். இதற்கு ஒரு கவனம் வேறா? பாதியில் மூச்சு வாங்கி நிற்கும் இந்த வாக்கியத்தை இத்தனை வருடம் எப்படி விட்டுவைத்தார்கள்? வெட்டினேன். காரணம் எழுதும் இடத்தில் "சொல்லாமலே விளங்குவதை நீக்கினேன்" என்று எழுதினேன். முற்றுப்புள்ளி "சரி." என்றார். அதே சூட்டில், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்த 'கடைசியாகத் திருத்திய நாள்' என்ற வரியும் வீண் குப்பை என்று வாதாடி அதையும் எடுக்க வைத்தேன். பக்கம் துடைத்துவிட்டாற்போல ஆனது. அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு நானே ஒரு டீ கூடுதலாகப் போட்டுக் குடித்தேன்.

இனி என் தங்கை. நாற்பத்து நாலு வயது. கல்யாணமான புதிதில் நன்றாக நிரல் எழுதிக்கொண்டிருந்தவள், இரண்டு பிள்ளைகளை வளர்ப்பதற்காக வேலையை விட்டாள். பதினாலு வருடம் கழித்து மறுபடியும் வேலை தேடியபோது அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. "இடைவெளி ரொம்ப அதிகம் மேடம்" என்று போகிற இடத்திலெல்லாம் ஒரே பாட்டு. வீட்டுக்கு வந்து, "எனக்கு நிஜமாவே எல்லாம் மறந்து போச்சாண்ணா?" என்று கேட்பாள். கடைசியில் டிசம்பரில், லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்று அவளை எடுத்துக்கொண்டது, அதுவும் ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்ற பேச்சோடு.

அவளுக்குக் கொடுத்த முதல் வேலை, எந்த லிஃப்டை எந்தத் தேதியில் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக்குகளுக்குத் தினமும் பட்டியல் அச்சடிக்கும் நிரல். அறுநூற்றுச் சொச்சம் லிஃப்ட். ஒவ்வொன்றையும் மாதாமாதம் அதே தேதியில் பார்க்க வேண்டும். எந்த மொழியில் எழுதலாம் என்று என்னிடம்தான் கேட்டாள். "எங்க மொழியிலயே எழுதும்மா. கையேடு கண்ணாடி மாதிரி இருக்கும். யாரு எழுதினதுன்னு நினைச்ச?" என்றேன். அண்ணன் சொன்னால் சரிதான் என்று உட்கார்ந்து மூன்றே வாரத்தில் முடித்துவிட்டாள்.

ஜனவரி நல்லபடியாகப் போனது. பிப்ரவரியில் 29, 30, 31 இல்லாததால் அந்த நாட்களின் லிஃப்ட் எல்லாம் இருபத்தெட்டில் வந்து குவிந்தன. ஆட்களைக் கூடுதலாகப் போட்டு ஒப்பேற்றிவிட்டார்கள். ஆனால் மார்ச் பிறந்தும் அவை பழைய தேதிக்குத் திரும்பிப் போகவில்லை. நிரல் ஒவ்வொரு முறையும் போன மாதத்துத் தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டியது. பிப்ரவரி இருபத்தெட்டோடு கூட்டினால் மார்ச் இருபத்தெட்டுதானே வரும். ஒரு நாளைக்கு இருபது லிஃப்ட் பார்க்கிற ஆட்களுக்கு அன்றைக்கு எண்பது லிஃப்ட். அடுத்த மூன்று நாளும் பட்டியல் வெற்றுத்தாள். பட்டியலில் இல்லாத லிஃப்டைத் தொடக் கூடாது என்பது கம்பெனி விதி, ஆகவே மெக்கானிக்குகள் மூன்று நாளும் ஷெட்டில் உட்கார்ந்து சீட்டாடியிருக்கிறார்கள். பார்க்காமல் விடுபட்ட லிஃப்ட்களில் ஒன்று, ஏப்ரல் முதல் வாரத்தில் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே நின்றது. உள்ளே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தன்னந்தனியாக, இரண்டு மணி நேரம். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்து எட்டுப் பக்கத்துக்குப் புகார் எழுதினார், ஒரு பிழை இல்லாமல்.

திங்கட்கிழமை சாயங்காலம் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, என்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க போல."

உட்கார வைத்தேன். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பட்டியல் போன கதை, ஹெட்மாஸ்டர் கதை எல்லாம் சொன்னாள்.

"கையேட்ட ஒழுங்கா படிக்காம எழுதிட்டேன்னு மேனேஜர் சொல்றாரு. நான் படிச்சேன்ணா. எழுதறதுக்கு முன்னாடி மூணு தடவை படிச்சேன். இப்ப பிரச்சினை வந்ததும் காலைல மறுபடியும் படிச்சேன். இப்படி ஆகும்னு அதுல ஒரு வார்த்தை இல்ல. அவர்கிட்டயும் அப்படியே சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை விசாரணை. அதுக்குள்ள நானே திறந்து பாக்கறேன்னாரு."

"எந்தக் கருவி?" என்று கேட்டேன்.

"மாசம் கூட்டுறது."

மங்கலாக ஏதோ நினைவுக்கு வந்தது, ஆனால் அதை முழுசாக வர விடவில்லை. "இரு, நான் என்னன்னு பாக்கறேன்" என்றேன்.

"நீ பாத்தா போதும்ணா. உனக்குத்தான் அதெல்லாம் அத்துப்படி" என்றாள். போகும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பதிவேட்டைக் கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் பளிச்சென்று என் பெயரைக் காட்டியது. அதன் பக்கத்தில் நான் கைப்பட எழுதிய காரணம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இந்த இடத்தில் மனிதனாகப் பிறந்தவன் என்ன செய்வான்? தங்கைக்கு ஃபோன் பண்ணுவான். நான் கையேடு திருத்துகிறவன். பக்கத்தில் ஓட்டை தெரிந்தால் அடைக்காமல் என்னால் மூச்சு விட முடியாது. வெட்டிய வரியைத் தேடியெடுத்தேன். மூன்றாகப் பிரித்து எழுதினேன், ஜனவரி முப்பத்தொன்றை வைத்து ஓர் எடுத்துக்காட்டும் கொடுத்தேன். 'கவனம்' என்று தலைப்புப் போட்டு, யார் கண்ணுக்கும் தப்பாதபடி சுற்றிலும் ஒரு கட்டமும் கட்டினேன். காரணம் எழுதும் இடத்தில் "விடுபட்டிருந்த எச்சரிக்கை சேர்க்கப்பட்டது" என்று எழுதினேன். யார் கையால் விடுபட்டது என்பதை நாசூக்காகத் தவிர்த்துவிட்டேன். மணி பதினொன்று நாற்பது. முற்றுப்புள்ளி "சரி." என்றார். கால் மணி நேரத்தில் உலகம் முழுக்க அந்தப் பக்கம் மாறிவிட்டது. நான் நிம்மதியாகப் போய்த் துணியைக் காயப்போட்டேன்.

என் தங்கை கையில் இருந்த ஒரே சாட்சியத்தை நானே துடைத்துப்போட்டுவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. உறைத்தது, ஆனாலும் செய்தேன் என்று சொன்னாலாவது ஒரு வில்லனுக்குரிய மரியாதை கிடைக்கும். நிஜமாகவே உறைக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளிடமிருந்து ஃபோன் வந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அண்ணா, அந்த வரி இருக்குண்ணா."

"எந்த வரி?"

"கவனம்னு பெருசா கட்டம் கட்டிப் போட்டிருக்கு. எடுத்துக்காட்டோட. மேனேஜர் எல்லார் முன்னாலயும் திறந்து காட்டிட்டாரு. இது உங்களுக்குத் தெரியலையா மேடம்னு கேட்டாரு. ஃபோர்மேன் சிரிச்சுட்டாரு. திங்கக்கிழமைகூடப் படிச்சேனே, எப்படிண்ணா இத பாக்காம விட்டேன்?"

அப்போதுதான் எனக்கு மண்டையில் அடித்தாற்போல விளங்கியது. அந்தப் பக்கத்தின் அடியில் திருத்திய நாள் என்று ஒரு வரி இருந்திருந்தால் அவளே கண்டுபிடித்திருப்பாள். அதையும் நான்தானே தூக்கியிருந்தேன். நான்தாம்மா வெட்டினேன், நான்தாம்மா ஒட்டினேன் என்று சொல்ல வேண்டும். நாலே சொல். சொல்லைக் குறைத்துப் பேர் வாங்கியவனுக்கு அது பெரிய காரியமா? ஆனால் வாய் திறந்தபோது வந்தது வேறு.

"அவசரத்துல கண்ணுல படாம போயிருக்கும்மா. எல்லாருக்கும் ஆகறதுதான்."

"அப்படியாண்ணா?"

"ஆமாம்மா."

"சரிண்ணா" என்றாள்.

பயம்தான், வேறென்ன. அவள் கண்ணில் இத்தனை வருடம் பெரிய ஆளாக இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது வழி கிடைக்கும், நான் மாட்டாமல் அவளும் தப்பிவிடுவாள் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை தட்டில் வைத்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மனைவி கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் பையைக் கீழே வைத்தாள்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன், ஃபோனில் தங்கையிடம் சொன்னதைத் தவிர. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எங்க கடையில ஒரு மருந்து பாட்டில் மேல, குலுக்கிட்டுக் குடிக்கவும்னு போட்டிருக்கும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. பாக்க நல்லா இல்லன்னு நான் அதக் கிழிச்சுப் போட்டா என்னை என்ன சொல்வீங்க?"

"தெரியாம பண்ணிட்டேன்."

"சரி. இப்பத் தெரிஞ்சுபோச்சு இல்ல? அவளுக்கு ஃபோன் பண்ணுங்க."

பண்ணினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அரை மணி கழித்து மறுபடியும் பண்ணினேன், அப்போதும் எடுக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, அதையும் மறைப்பானேன். நாளைக்கு விசாரணைக்கு நானும் வருகிறேன் என்று செய்தி அனுப்பினேன். மத்தியானத்துக்கு மேல் "சரிண்ணா" என்று பதில் வந்தது. வெட்டியதும் ஒட்டியதும் உள்ள பதிவேட்டின் இரண்டு பக்கங்களையும் அச்சடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

லிஃப்ட் கம்பெனியின் அலுவலகம் மூன்றாவது மாடியில். படியேறித்தான் போனேன். அவர்களுடைய லிஃப்டும் இருபத்தெட்டாம் தேதிப் பட்டியலில் மாட்டிக்கொண்டதாம். மூச்சு வாங்க உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்க லிஃப்ட் பித்தான் பலகைகள் மாதிரிக்கு மாட்டியிருந்தன. மேஜைமேல் காகிதம் பறக்காமல் இருக்கத் துண்டாக வெட்டிய இரும்புக் கயிறு. மேனேஜர் நடுவில், ஃபோர்மேன் ஓரத்தில், என் தங்கை சுவரோரமாக ஒரு நாற்காலியில். அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். அண்ணன் பரிந்து பேச வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பாள்.

"நீங்க யாரு சார்?" என்றார் மேனேஜர்.

"இவங்க அண்ணன். இந்தக் கையேட்டத் திருத்துறவனும் நான்தான்" என்று சொல்லி இரண்டு தாளையும் அவர் முன்னால் வைத்தேன். "அந்த வரிய போன ஆகஸ்ட்ல நான் வெட்டினேன். இந்த செவ்வாய்க்கிழமை நானே திரும்பப் போட்டேன். இவங்க படிச்சப்ப அது அங்க இல்ல. இவங்க சொன்னதுதான் சரி."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். நான் மேனேஜர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தாளை எடுத்தார். "சொல்லாமலே விளங்குவதை நீக்கினேன்" என்று நிறுத்தி நிதானமாக, அறை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

"எங்களுக்கு விளங்கலையே சார்" என்றார் ஃபோர்மேன்.

என் காது சுட்டது. அசடு வழிய நின்றேன். பதினோரு வருடத்தில் நான் எழுதியதை ஒருவர் சத்தமாக வாசித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மேனேஜர் தாளைக் கீழே வைத்தார். கோபக்காரர் இல்லை, களைத்துப்போனவர். "மேடம், நீங்க திங்கக்கிழமைக்குள்ள நிரல சரி பண்ணிடுங்க. உங்க மேல எதுவும் எழுதப் போறதில்ல. ஃபோர்மேன், அன்னைக்குச் சிரிச்சதுக்கு நீங்க மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "சார், அந்த ஹெட்மாஸ்டருக்கு நீங்க ஒரு கடிதம் எழுதித் தரணும். தயவுசெஞ்சு சுருக்கமா எழுதாதீங்க" என்றார்.

ஃபோர்மேன் எழுந்து நின்று, "மன்னிச்சுக்கங்க மேடம்" என்றார். தங்கை தலையை ஆட்டிவிட்டு, மேஜைமேல் இருந்த இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நானும் பின்னால் வந்தேன். நடைபாதையில் யாரும் இல்லை. கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் நன்றியை எதிர்பார்த்தேன். எல்லார் முன்னாலும் என்னை நானே கேவலப்படுத்திக்கொண்டு இவள் வேலையைக் காப்பாற்றியிருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்றிருந்தது.

அவள் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். நாலு மாதமாகத் தேதியோடு மல்லுக்கட்டுகிறவள், அவள் கண் நேராகத் தேதிக்குத்தான் போனது.

"செவ்வாய்க்கிழமை பதினொன்னு நாப்பதுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"நான் உனக்கு ஃபோன் பண்ணது புதன்கிழமை."

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்மா."

அவள் தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. அவள் திட்டவில்லை.

"நேத்து காலைல நீ ஃபோன் பண்ணப்ப நான் எடுக்கல இல்ல? கண் டாக்டர்கிட்ட உக்காந்திருந்தேன். கண்ணுல படாம போயிருக்கும்னு நீ சொன்னியே, அதான் போனேன். எழுத்தையெல்லாம் பெருசு சின்னதுன்னு மாத்தி மாத்தி வாசிக்கச் சொன்னாரு. எல்லாம் சரியா வாசிச்சேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஒரு கோளாறும் இல்லன்னுட்டாரு."

படியில் இறங்கத் தொடங்கியவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதுக்கப்புறம்தாண்ணா எனக்கு ரொம்ப பயமா போச்சு."